படி இறங்கினால் பிடித்துக்கொள்ளும் கால்

ரத்தக் கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டேட்டின் 40 மி.கி., ராத்திரி ஒன்று. எழுதிக் கொடுத்த டாக்டர், "சிலருக்குத் தசைவலி வரும். வந்தா சொல்லுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க" என்று சொல்லியே அனுப்பினார். ஒரு மாதம் போயிருக்கும், இரண்டு தொடையும் கெண்டைக்காலும் விறைக்க ஆரம்பித்தன. காலையில் கட்டிலை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதே பெரும்பாடு.

கோவை ரேஸ்கோர்ஸில் நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. மருதமலைக்குப் படியேறிப் போய் வந்தால் மறுநாள் உட்கார்ந்து எழவே சுவரைப் பிடிக்க வேண்டும். ஏறுவதில் மூச்சுதான் வாங்கும். காலை அடித்துப் போடுவது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. தசை இழைகள் அதிகம் நைவது இந்த வேலையில்தான், மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும்கூட.

டாக்டர் முதலில் கேட்டது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதா என்று. அப்படிப் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தமாம். அபூர்வம்தான், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எனக்கு அது இல்லை. அப்புறம், வலி இரண்டு காலிலும் ஒரே மாதிரியா என்றார். மாத்திரையால் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்குமாம்.

சிபிகே (தசை நைந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு நொதி), தைராய்டு, வைட்டமின் டி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைவாக இருந்தாலே கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும். சிபிகே எடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் கடும் உடற்பயிற்சி கூடாது. பயிற்சியே அந்த அளவை ஏற்றிவிடும். மலையேறிவிட்டு மறுநாள் போய் ரத்தம் கொடுத்தால் வீண் பயம்தான் மிஞ்சும்.

சிபிகே கொஞ்சம்தான் கூடியிருந்தது. தைராய்டு சரி. வைட்டமின் டி குறைவு, அதற்குத் தனியாக மருந்து. கொழுப்பு மாத்திரையைச் சில வாரம் நிறுத்தச் சொன்னார். விறைப்பு தணிந்ததும் அதே வகையில் வேறு மாத்திரையான ரோசுவாஸ்டேட்டினை 5 மி.கி.யில் தொடங்கினார். எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு போதுமான அளவு இறங்காததால் எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மருந்தும் சேர்ந்தது.

நடுவில் சொந்தக்காரர்கள், "அந்த மாத்திரையே வேண்டாம், விட்டுடுங்க" என்று ஒரே பாட்டு. அப்போது டாக்டர் சொன்ன தகவல் எனக்குத் தெம்பு தந்தது. தசைவலி போன்ற பக்கவிளைவால் ஸ்டேட்டினை, அதாவது இந்த வகைக் கொழுப்பு மாத்திரையை, விட்டிருந்த 60 பேருக்கு லண்டனில் சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் மருந்தில்லாத வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வந்தது: நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்திருந்தது. வலி பொய்யென்று இதற்கு அர்த்தமில்லை, வலிக்கத்தான் வலித்தது. இதைத் தெரிந்துகொண்ட பின் அவர்களில் பாதிப்பேர் மறுபடி ஸ்டேட்டினுக்குத் திரும்பினார்கள்.

உடற்பயிற்சியை டாக்டர் நிறுத்தவே விடவில்லை. சமதரையில் நடை, சைக்கிள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. மருதமலைக்குப் படியில் ஏறி, பஸ்ஸில் இறங்கினேன். இப்போது பாதி தூரம் நடந்தே இறங்குகிறேன். மறுநாள் லேசான பிடிப்பு, அவ்வளவுதான்.

இன்னொன்று. சளிக்கோ பல்லுக்கோ வேறு டாக்டரிடம் போனால் இந்த மாத்திரையின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் மாதிரிச் சில மருந்துகள் அட்டோர்வாஸ்டேட்டினை ரத்தத்தில் கூட்டிவிடும். நான் சீட்டைப் பர்ஸிலேயே வைத்திருக்கிறேன்.