சுழற்சி நின்ற பிறகு

பெங்களூரு பழைய ஏர்போர்ட் ரோட்டில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 1957இல் தொடங்கியது. அங்கே ஈசிஜி பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். அல்சூரில் உறவினர் யாரைச் சந்தித்தாலும், ஆளை வைத்துச் சுழற்றும் அந்த இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். கேட்கத் தகுந்ததுதான். 8 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல எட்டு மடங்கு விசை வந்தால், 70 கிலோ ஆளுக்கு 560 கிலோ கனம். போர் விமானி நிமிர்ந்து உட்காருவதால் ரத்தம் காலுக்கு இறங்கி, பார்வை ஓரங்களிலிருந்து மங்கும். தொடையையும் வயிற்றையும் இறுக்கித் தாக்குப்பிடிக்க வேண்டும். விண்வெளி வீரர் மல்லாந்து கிடப்பார். அந்தக் கனம் நெஞ்சில் இறங்கும். மூச்சை இழுப்பதே பெரும்பாடு.

ஆனால் என் மனம் போவதெல்லாம் அதற்கு அடுத்த கட்டத்துக்குத்தான். தரையிறங்கிய பிறகு என்ன?

1965 மார்ச்சில் வாஸ்கோத்-2 என்ற சோவியத் விண்கலத்தின் தானியங்கி அமைப்பு கைவிட்டதால், அதிலிருந்த வீரர்கள் பெல்யாயெவும் லியோனோவும் கலத்தைக் கையாலேயே திருப்பி இறக்கினார்கள். குறித்த இடத்தைத் தவறவிட்டு, ரஷ்யாவின் பெர்ம் நகரத்துப் பக்கம் பனிக்காட்டில் போய் விழுந்தார்கள். லியோனோவின் உடைக்குள் வியர்வை தேங்கிக் கிடந்தது. அது உறைவதற்குள் இருவரும் உடைகளைக் களைந்து, உள்ளாடையைப் பிழிந்து மறுபடி அணிந்தார்கள். இரண்டு இரவுகள் அந்தக் காட்டில்! விண்வெளியில் முதன்முதலாக நடந்த மனிதனின் உயிர், ஈரத்துணியைப் பிழியும் புத்தியில் நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்தின் வீரர்கள் நால்வரும் 2020 பிப்ரவரியில் ரஷ்யக் காட்டில் பனிக்காலப் பயிற்சி எடுத்தார்கள். அப்புறம் கடல், கோடைப் புல்வெளி. காட்டுப் பயிற்சியில் நெருக்கமான கலத்துக்குள்ளேயே விண்வெளி உடையைக் கழற்றி கம்பளி உடைக்கு மாறணும். பாராசூட் துணியையும் கிளைகளையும் வைத்துக் குடில் கட்டணும், நெருப்பு மூட்டணும், காலொடிந்ததாகப் பாவிக்கும் ஒருவரைத் தூக்கிச் செல்லணும். நன்றாக உண்டு உறங்கியவர்கள் செய்கிற வேலை இவ்வளவும். எடையின்மையில் பல நாள் மிதந்து, தசை தளர்ந்து, நிமிர்ந்தால் தலை சுற்றும் உடம்போடு செய்ய நேர்ந்தால்? அதனால்தான் யோசிக்காமலே கை வேலை செய்யும் வரை பழக்குகிறார்கள். இதை வெறும் துணிச்சல் பயிற்சி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2008லும் சோயுஸ் என்ற ரஷ்ய விண்கலம் ஒன்று 8 ஜிக்கு மேல் தாங்கி, 400 கிலோமீட்டருக்கும் அதிகமாக விலகி இறங்கியது. ஆக, பழங்கதை என்று ஒதுக்க முடியாது. ககன்யான் கடலில் இறங்கப்போகிறது. அலையில் ஆடும் கலத்தில், மீட்புக் கப்பல் வரும்வரை புழுக்கமும் குமட்டலும் படுத்தும்.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த தம்பி ஒருவன் என்னிடம் வேலை பழகினான். சுழற்சி நின்றதும், "முடிஞ்சுதுண்ணே, ஈசிஜி ஒயரைக் கழட்டிடலாமா?" என்பான்.

"இருப்பா. அவர் எழுந்து நிக்கட்டும். அப்ப நாடி எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுக் கழட்டு."