பழைய கார்டு, புது வல்கன்

2012-இல் வந்த ஏஎம்டியின் கிராஃபிக்ஸ் கார்டு ரேடியான் எச்டி 7970-க்கு 2021-லேயே விண்டோஸ் டிரைவர் நின்றுவிட்டது. கேம்கள் கிராஃபிக்ஸ் கார்டோடு பேச வல்கன் என்றொரு பொதுத் தரம் உண்டு, அதன் 1.3 பதிப்பு வந்ததோ 2022 ஜனவரியில். ஆனாலும் லினக்ஸில் மெசா என்ற திறந்த மூலத் திட்டத்தின் ஆர்ஏடிவி டிரைவரைப் போட்டு, வல்கன் பதிப்பைச் சொல்லும் வல்கன்இன்ஃபோ கருவியை ஓட்டினால் 1.3 என்றே காட்டும். கம்பெனி கைகழுவிய கார்டுக்கு அதற்கப்புறம் வந்த தரத்தை வெளியாட்களும் சேர்ந்து எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்!

வெறும் எண்தானே என்று நினைக்க வேண்டாம். டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை வல்கனாக மாற்றிக் கொடுக்கும் டிஎக்ஸ்விகேவுக்கு 2.0-இலிருந்து வல்கன் 1.3 கட்டாயம். அது இல்லையென்றால் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானில் டைரக்ட்எக்ஸ் 11 கேம் பலவற்றைத் திறக்கவே முடியாது, இல்லாவிட்டால் பழைய டிஎக்ஸ்விகே 1.10-ஐத் தேடிப் பிடித்துப் போட வேண்டும்.

ஒரு சிக்கல், இந்தத் தலைமுறை கார்டுகளை லினக்ஸின் மையமான கெர்னல் ரொம்ப நாளாகத் தனக்குள் இருக்கும் பழைய டிரைவரான ரேடியான் மாட்யூலிடமே கொடுத்துக்கொண்டிருந்தது, அதில் வல்கன் கிடையாது. பூட் வரியில் எஸ்ஐ (இந்தத் தலைமுறையின் சுருக்கப்பெயர்) சப்போர்ட்டை ரேடியானுக்கு 0, புது மாட்யூலான ஏஎம்டிஜிபியுவுக்கு 1 என்று மாற்றினால்தான் வேலை நடந்தது. கெர்னல் 6.19-இல் இதையே இயல்பாக்கிவிட்டார்கள், அப்பாடா.

அதற்காக வேகமும் தானாகக் கூடிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். 3 ஜிபி மெமரி 3 ஜிபிதான்.

என்விடியா பக்கம் கதை வேறு. பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளில் (ஜிடிஎக்ஸ் 10 வரிசை) மெசாவின் என்விகே டிரைவர் புது வல்கனை நன்றாகவே பேசுகிறது, ஆனால் கடிகார வேகத்தை ஏற்றக் கம்பெனி கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வேண்டும், அது வெளியே வரவில்லை. கார்டு பூட் ஆன வேகத்திலேயே நொண்டியடிக்கிறது. கோடு எழுத ஆள் இருந்தும் சாவி தராமல் வைத்திருப்பதுதான் எனக்கு எரிச்சல்.