தாடை எலும்புக்குள் நரம்புக் கட்டி: குறிப்பேடு

2025 ஜனவரி 6, திங்கள்

கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேருக்கடியில், ஓபிஜி படத்தில் (இரு தாடைகளையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரே) விளிம்பு தெளிந்த கருநிழல் தெரிந்தால் நீர்க்கட்டி, அமெலோபிளாஸ்டோமா (பல்லை உருவாக்கும் திசுவில் தோன்றும் கட்டி) என்றே முதலில் யோசிக்கிறோம். அது சரிதான். எலும்புக்குள்ளேயே முளைக்கும் ஸ்வானோமா (நரம்பிழையைச் சுற்றியுள்ள உறைச் செல்களில் தோன்றும் தீங்கற்ற கட்டி), எலும்பில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் முளைத்தால் கீழ்த்தாடையில் முளைக்க வாய்ப்பு அதிகம். உணர்வு நரம்பு எலும்புக்குள் இவ்வளவு நீளம் ஓடும் இடங்கள் உடலில் குறைவு. எனவே நிழலோடு நின்றுவிடாமல், நரம்புக் கால்வாயைத் தாடையின் உட்பக்கத் துளையிலிருந்து முகவாய்த் துளைவரை தொடர்ந்து பார்க்க வேண்டும். நிழலை ஒட்டிக் கால்வாய் நூல் நூற்கும் கதிர்போல் நடுவில் அகன்றிருந்தாலோ, துளை மறுபக்கத்தைவிடப் பெரிதாக இருந்தாலோ நரம்புக் கட்டியைப் பட்டியலில் மேலே ஏற்றலாம்.

ஜனவரி 8, புதன்

நிழலுக்கு மேலுள்ள ஒவ்வொரு பல்லுக்கும் குளிர்ச் சோதனை. பல் உயிரோடிருந்தால் ரூட் கெனால் வேண்டாம். செய்தால் நல்ல பல் போகும், கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். கீழுதட்டிலும் முகவாயிலும் பஞ்சு, ஊசிமுனை இரண்டாலும் உணர்வைச் சோதித்து, குறைந்த பகுதியை வரைந்து வைக்க வேண்டும். மரத்துப்போதல் சில வாரங்களிலேயே வேகமாகப் பரவினால் புற்றுநோயைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

பயாப்ஸிக்கு முன் 18 கேஜ் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. சிவந்த ரத்தம் தானாகவே சிரிஞ்சை நிரப்பினால் அங்கேயே நிறுத்துங்கள். ரத்தக்குழாய்க் கோளாறாக இருந்து எலும்பைத் திறந்தால் உயிருக்கே ஆபத்து. எதுவும் வராவிட்டால் பெரும்பாலும் திடக் கட்டி. நீர் வந்தாலும் ஸ்வானோமா இல்லை என்றாகாது, பழைய கட்டி உள்ளே கரைந்திருக்கலாம்.

ஜனவரி 16, வியாழன்

பெத்தாலஜிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பும் துண்டு ஆழமாக இருக்கட்டும். திசு கெடாமல் காக்க 10 சதவீத ஃபார்மலின், திசுவின் கன அளவைப் போல் குறைந்தது 10 மடங்கு. 1920இல் ஆண்டோனி என்ற மருத்துவர் ஸ்வானோமாவில் பிரித்துக் காட்டிய ‘ஏ’, ‘பி’ என்ற இரு திசு அமைப்புகளில் தளர்வான ‘பி’ மட்டும் சிறு துண்டில் சிக்கினால் நரம்பின் இன்னொரு தீங்கற்ற கட்டியான நியூரோஃபைப்ரோமாவோடு குழம்பும். நெருக்கமான ‘ஏ’ பகுதியில் உட்கருக்கள் வரிசை கட்டி நிற்கும் வெரோகே அமைப்பு கிடைத்தால் சந்தேகம் பெரும்பாலும் தீரும். நரம்பு உறைச் செல்களின் புரதத்தைக் காட்டும் எஸ்-100 சாயம் ஸ்வானோமாவில் முழுக்கப் பிடிக்கும், நியூரோஃபைப்ரோமாவில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

அறுவைத் திட்டமே இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. ஸ்வானோமா உறைக்குள் வளர்ந்து நரம்பிழைகளை ஓரமாக ஒதுக்கும். நியூரோஃபைப்ரோமாவில் இழைகள் கட்டியின் ஊடாகவே ஓடும்.

ஜனவரி 23, வியாழன்

ஸ்வானோமா: வாய்க்குள்ளேயே ஈறைப் பிரித்து, முகவாய் நரம்பை முதலில் கண்டுகொண்டு, கன்னப்பக்க எலும்பில் ஜன்னல் திறப்பது. எலும்பைக் குடையும் பர் முனை சூடானாலே நரம்பு கெடும். குளிர்விக்கச் சலைன் (உப்புநீர்) ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வழியே பார்த்து, இழை இல்லாத இடத்தில் உறையை நரம்பின் நீளவாக்கில் கீறி, கட்டியை மெதுவாகத் தோண்டி எடுக்கலாம். இழுத்தால் நரம்பு நீண்டு சேதமாகும். கீழ்விளிம்பு மெலிந்திருந்தால் எலும்பு முறியலாம்; முன்கூட்டியே எலும்பைத் தாங்கும் உலோகப் பிளேட் போடுவது நல்லது.

நியூரோஃபைப்ரோமாவில் பிரித்தெடுக்கத் தளமே கிடைக்காது. நரம்பின் ஒரு பகுதியையும் சேர்த்து வெட்ட நேரலாம். கெண்டைக்கால் சூரல் நரம்பிலிருந்து ஒட்டுப் போடலாம். உதடு மரத்தே இருக்கக்கூடும் என்பதை ஒப்புதல் வாங்கும்போதே நோயாளிக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும், மேசையில் ஏற்றிய பிறகு அல்ல.

பிப்ரவரி 20, வியாழன்

உணர்வைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். அறுந்த இழை வளர்வது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மாதக்கணக்கில் பொறுக்க வேண்டியிருக்கும். முழுதாக எடுத்த ஸ்வானோமா மீண்டும் வருவது அரிது. நியூரோஃபைப்ரோமா என்று வந்தால் தோலையும் பாருங்கள்: பெரியவர்களிடம் 15 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காப்பி நிறத் தேமல்கள் 6 அல்லது அதற்கு மேல், அக்குளில் புள்ளிகள். இவை இருந்தால் கட்டிக்குப் பின்னால் ஒரு மரபணு நோய் இருக்கலாம்; மரபணு மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் அனுப்ப வேண்டும்.