மகனுக்குப் பதவி கேட்டு ஒரு பாதிரியார் போட்ட மனு

1798 இறுதியில், ஸ்டீவன்டன் கிராமத்துப் பாதிரியார் ஜார்ஜ் ஆஸ்டன் (நாவலாசிரியை ஜேன் ஆஸ்டனின் அப்பா) பிரிட்டிஷ் கடற்படை வாரியத்தில் இருந்த அட்மிரல் கேம்பியருக்குச் சிபாரிசு கேட்டு எழுதினார். கடற்படையில் இருந்த அவருடைய மகன்கள் இருவருமே அப்போது லெப்டினன்ட்கள். பெரியவர் ஃபிராங்கைக் கமாண்டர் ஆக்க வேண்டும். 'ஸ்கார்பியன்' என்ற சிறு கப்பலில் இருந்த சார்லஸை ஃபிரிகேட் என்ற வேகமான நடுத்தரப் போர்க்கப்பலுக்கு மாற்ற வேண்டும். 'பையனைக் கவனித்துக்கொள்ளுங்கள்' என்ற பொத்தாம்பொதுவான மனு இல்லை. ஃபிரிகேட் கேட்டதற்குக் காரணம் உண்டு: எதிரிக் கப்பலைப் பிடித்தால் வரும் பரிசுப் பணமும், மேலிடத்தின் கண்ணில் படும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம்.

அந்தக் காலத்தில் லெப்டினன்ட் ஆவதற்கு ஆறாண்டு கடற்பணி, கேப்டன்களின் நற்சான்று, வாய்மொழித் தேர்வு எல்லாம் வேண்டும். அதற்கு மேல் கமாண்டர், 'போஸ்ட் கேப்டன்' என்ற இரண்டு படிகளுக்குத் தேர்வும் இல்லை, இத்தனை வருடம் என்ற கணக்கும் இல்லை. சிபாரிசு நுழையும் சந்து இதுதான். போஸ்ட் கேப்டன் ஆகிவிட்டால் அட்மிரல் பதவி மூப்புப் பட்டியல்படி தானாக வரும். உயிரோடு இருந்தால் போதும். அதனால்தான் அப்பாக்களுக்கு அத்தனை அவசரம்.

கேம்பியரால் தனியாக எதுவும் செய்ய முடியாது. முடிவு வாரியத் தலைவர் ஸ்பென்சர் பிரபுவின் கையில். கேம்பியரின் பதில் பக்குவமானது: ஃபிராங்கை அடுத்த பதவி உயர்வுகளில் சேர்ப்பதாக ஸ்பென்சர் சொல்லியிருக்கிறார், இளம் அதிகாரிகள் முதலில் சிறு கப்பலில் வேலை கற்பதே வழக்கம், சார்லஸுக்கு முறை வரும்போது பார்க்கலாம். ஒரு வாரத்துக்குள் ஃபிராங்க் 'பெட்டரெல்' கப்பலின் கமாண்டர். சார்லஸும் ஃபிரிகேட்டுக்கு மாற்றப்பட்டார்!

ஆனால் சிபாரிசுக்கு ஆயுசு குறைவு. 1801-இல் ஆட்சி மாறி ஸ்பென்சர் போனார். 1802-இல் பிரான்சோடு சமாதானம் வந்து கப்பல்கள் கரையேற, அதிகாரிகளுக்கு அரைச் சம்பளம். அதற்குள், 1800 மார்ச்சில் மார்செய் அருகே 'லிகூரியென்' என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்த ஃபிராங்க் அவ்வாண்டே போஸ்ட் கேப்டன் ஆகிவிட்டார். கடிதம் கப்பலை வாங்கித் தந்தது; அடுத்த படியை வாங்கித் தந்தது சண்டை.

சார்லஸ் கமாண்டர் ஆனதே 1804-இல். போஸ்ட் கேப்டன் 1810-இல். இந்தப் பத்து வருட இடைவெளி பட்டியலில் ஏற ஏறப் பெருகியது: ஃபிராங்க் 1830-இல் ரியர் அட்மிரல் (அட்மிரல் பதவிகளில் முதல் படி), சார்லஸ் 1846-இல். (கிழக்கிந்தியக் கடற்பிரிவின் தளபதியாக 1852-இல் பர்மாவில் காலராவில் இறந்த சார்லஸின் கல்லறை திருகோணமலையில் இருக்கிறது.) ஃபிராங்க் 1863-இல், 89 வயதில், கடற்படையின் உச்சப் பதவியைத் தொட்டார். அதற்கு எவரும் மனு போட வேண்டியிருக்கவில்லை. பட்டியலில் அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் இறந்திருந்தார்கள்.