லிப்டன் கோப்பையும் ஒரு நாள் பேரும்

காலைத் தேத்தண்ணியைக் கையில் கொடுக்கும்போதுதான் அந்தத் தாத்தா கேட்டார், எந்த ஊர் என்று. இலங்கை என்றேன். இலங்கையில் எங்கே என்றார். இங்கே யாரும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. அந்தச் சந்தோஷத்தில் மலைநாடு, பதுளைப் பக்கம், அப்புத்தளை என்று அடுக்கினேன். விளங்காதோ என்று, லிப்டன் சீட் என்ற பார்வையிடம் இருக்கிற மலை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். "லிப்டனா? அவருடைய கப்பை ஜெயித்ததே நாங்கள்தான். இரண்டு தரம்!"

எனக்குத் தெரிந்த லிப்டன் கப் குடிக்கிற கப்தான். வயதானவர், ஏதோ குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஃபுட்பால்! உலகக் கோப்பை!" என்றார்.

இங்கிலாந்தின் வடக்கே, டர்ஹாம் பக்கத்தில், முதியோர் இல்லமொன்றில் வேலைக்கு வந்து இருபது மாதமாகிறது. குளிர் பழகிவிட்டது, நம் மலைக்குளிரில் பிறந்த உடம்புதானே. ரொட்டி சுடுகிறேன், தேங்காய்ப்பூ கிடைத்தால் சம்பல் இடிக்கிறேன். பழகாதது ஒன்றுதான். எண்பத்தெட்டு வயது மனிதரை மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்கள். ஊரில் தாத்தா என்போம், வேறு எப்படிக் கூப்பிடுவது? பேரைச் சொல்லிவிட்டு, தாத்தா என்று வாய்க்குள் சேர்த்துக்கொள்கிறேன். அது என்ன வார்த்தை என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம் அவரே என்னைத் திருத்த ஆரம்பித்தார், பேர் வேண்டாம், அதையே சொல் என்று.

அன்று ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு தேடிப் பார்த்தேன். தாத்தா சொன்னது சத்தியம்.

கிளாஸ்கோவில் பிறந்து மளிகைக் கடைகளால் பெரிய ஆளான தாமஸ் லிப்டன் 1890இல் நம் மலைக்கு வந்து தம்பேதன்னைத் தேயிலைத் தோட்டத்தை வாங்கினார். அது நமக்குத் தெரியும். அதே மனிதர் 1909இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் நடந்த சர்வதேசக் கால்பந்துப் போட்டிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. உருகுவேயில் முதல் உலகக் கோப்பை நடந்தது 1930இல். இது அதற்கு இருபத்தொரு வருஷம் முந்தியது. இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றும் நல்ல அணிகளை அனுப்பின. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அனுப்ப மறுத்துவிட்டது. கடைசியில் இங்கிலாந்துக்காகப் போனது இந்த டர்ஹாம் பக்கத்து வெஸ்ட் ஆக்லாந்து என்ற சின்ன ஊரின் அணி. ஆடியவர்கள் பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். டபிள்யூ.ஏ. என்ற முதலெழுத்தைப் பார்த்து, லண்டனின் வுல்விச் ஆர்சனல் அணிக்குப் போகவேண்டிய அழைப்பு தவறி இங்கே வந்துவிட்டது என்று ஒரு கதையும் இந்த ஊர்ப் பக்கம் உண்டு. நிஜமோ பொய்யோ, தாத்தாவிடம் அதைச் சொல்லக்கூடாது, முகம் சிவந்துவிடும்.

போனவர்கள் ஸ்டட்கார்ட் அணியை 2-0 என்று வென்றார்கள். ஏப்ரல் 12, ஈஸ்டர் திங்கட்கிழமை, இறுதிப் போட்டி. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் அணியையும் அதே 2-0. இரண்டு வருஷம் கழித்து, 1911இல், கோப்பையைக் காப்பாற்ற மறுபடி போனார்கள். அரையிறுதியில் சூரிச். ஏப்ரல் 17ஆம் திகதி இறுதிப் போட்டியில், டூரினிலேயே வைத்து, யுவென்டஸை 6-1 என்று அடித்தார்கள். யுவென்டஸை! தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அக்கா, சும்மா சொல்லாத" என்று பதில் வந்தது.

கோல் கணக்கைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு விஷயம். சுரங்கத்தில் வேலைக்கு இறங்காத நாளுக்குச் சம்பளம் கிடையாது. டூரினுக்குப் போய்வந்த அத்தனை நாளும் அவர்களுக்குக் கூலி போனது. அதைப் படித்ததும் நான் உடனே நினைப்பில் எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குப் போய்விட்டேன்.

நம் பக்கத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றுதான் சொல்வோம். பறித்த தேயிலைக் கொழுந்து சொன்ன நிறை வந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். பெரட்டுக்கு, அதுதான் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்குப் பேரே இல்லை. நான் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பாஸ் பண்ணி, பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்த நாளில், அம்மா மேல்மலையிலிருந்து இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்தது. வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனது. அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. மாத முடிவில் சம்பளத்துண்டைக் கூட்டிப் பார்த்தபோது நான்தான் கண்டுபிடித்தேன்.

அப்பாவுக்கும் ஒன்று உண்டு. 2005இல் இஸ்தான்புல்லில் லிவர்பூலும் மிலானும் ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. கடைசிக் காம்பரா வீட்டில் ஒரே ஒரு டிவி, லயமே அங்கே. அப்பாவுக்கு லிவர்பூல் என்றால் உயிர். பாதி ஆட்டத்தில் மிலான் 3-0. விடிந்தால் பெரட்டு, பேர் போய்விடும் என்று அப்பா எழுந்து வந்து படுத்துவிட்டார். அப்புறம் ஆறே நிமிஷத்தில் லிவர்பூல் மூன்று கோல் போட்டு, கடைசியில் பெனல்டியில் ஜெயித்தது. சித்தப்பா கதவைத் தட்டினார், அப்பா எழும்பவில்லை. இன்றைக்கும் அந்த ஆட்டத்தின் பேச்சு வந்தால் அப்பா வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்துவிடுவார்.

பேர் போனாலும் பரவாயில்லை, கடல் தாண்டிப் போய் ஆடிவிட்டு வருவோம் என்று அந்தச் சுரங்கக்காரர்கள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நினைக்க நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ என் சொந்தக்காரர்கள் போல.

பயணத்தால் வந்த கடனுக்குக் கோப்பையையே அடகு வைத்துவிட்டார்கள், ஊர் விடுதிக்கார அம்மாவிடம், 40 ஸ்டெர்லிங் பவுணுக்கு. மீட்க 1960 வரை ஆனது, 100 பவுண் கொடுத்து. தீபாவளிக்கு வைத்த தோடு தைப்பொங்கல் தாண்டியும் திரும்பி வராத வீட்டில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மீட்ட கோப்பையும் தங்கவில்லை. டர்ஹாம் நிலக்கரிப் படுகையின் கடைசிச் சுரங்கம் 1993 டிசம்பரில் மூடப்பட்டது. அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், கோப்பையை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அதைப்போலச் செய்த இன்னொன்று.

போன ஞாயிறு தாத்தாவின் மகள் என்னை வெஸ்ட் ஆக்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊர் நடுவில் புல்வெளி, அதில் அந்த அணிக்கு ஒரு சிலை. தொழிலாளர் கிளப்பில், கண்ணாடிக்குள் கோப்பை. ஆடியவர்களின் பேர்கள் இந்த ஊரில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அது நியாயம், இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வெள்ளியில் எங்கள் மலைக் கொழுந்தும் கொஞ்சம் இருக்கிறது. 1909இல் அட்டை கடிக்கக் கடிக்க அதைப் பறித்தவர்களின் பேர் எந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறது? தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலில் மட்டும் இருந்திருக்கும். அந்தப் புத்தகங்களையும் கரையான் தின்றிருக்கும். பாட்டியின் அம்மா பேர் என்ன என்று எனக்கே தெரியாது. கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது அதுதான் தொண்டையை அடைத்தது.

வெளியே வந்து அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அங்கே இருட்டிவிட்டது, பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கோப்பைப் படத்தை அனுப்பி, லிப்டன் துரை கொடுத்ததம்மா என்றேன்.

"நம்ம லிப்டன் தொரையா? அங்கயும் வந்துட்டாரா?"

சுரங்கக்காரர்கள் சம்பளம் போனாலும் போய் ஆடிய கதையைச் சொன்னேன். அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து கேட்டது:

"அத பாக்கப் போனியே, இன்னைக்கு ஒனக்குப் பேரு இல்லையா?"