பார்லித் தண்ணீரும் இரவு மாத்திரையும்

எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் ஒருவருக்கு நீர் சரியாகப் பிரியவில்லை என்றால், உடம்புச் சூடு என்று உடனே முடிவு கட்டிவிடுவார்கள். சென்ற கோடையில் எனக்கும் அதே தீர்ப்புதான் கிடைத்தது. சித்தி பார்லித் தண்ணீர் காய்ச்சித் தந்தார். அண்ணன் தினமும் இரண்டு இளநீர் வெட்டி வைத்தார். மனச்சோர்வுக்காக ஒன்றரை மாதமாக இரவில் அமிட்ரிப்டிலின் சாப்பிட்டு வந்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நீர் முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் கழிப்பறையில் எவ்வளவு நேரம் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். குடிக்கக் குடிக்க அடிவயிறுதான் கனத்தது. கீழ்மதகு அடைத்துக் கிடக்கையில் வாய்க்காலில் மேலும் தண்ணீர் விட்டால் கரை என்னவாகும் என்பது வயல் வைத்திருப்பவனுக்குத் தெரியாததல்ல. என் உடம்பு என்று வந்தபோது அது தோன்றவில்லை. ஓர் இரவு வலி பொறுக்காமல் தஞ்சாவூருக்குப் போய், குழாய் செருகி ஏறக்குறைய முக்கால் லிட்டர் எடுத்த பிறகுதான், அங்கிருந்த இளம் மருத்துவர் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

சிறுநீர்ப்பையின் தசை சுருங்குவதற்கு அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வேண்டும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மாத்திரைகள் அதன் வேலையைத் தடுக்கின்றன. வாய் உலர்வதற்கும் மலச்சிக்கலுக்கும் அதுவே காரணம். முதல் வாரமே என் வாய் உலர்ந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பவர்களுக்கு அடைப்பு எளிதில் வரும் என்றார் மருத்துவர். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு அதுவும் இருந்தது.

அமிட்ரிப்டிலின் வகையைச் சேர்ந்த இமிப்ரமின் மாத்திரையைப் படுக்கையில் நீர் போகும் குழந்தைகளுக்குக் கொடுப்பதுண்டு. டுலாக்செட்டின் என்னும் இன்னொரு மனச்சோர்வு மருந்தை, இருமினாலும் தும்மினாலும் நீர் கசியும் பெண்களுக்காக ஐரோப்பாவில் 2004இல் அனுமதித்தார்கள். செர்ட்ராலின் போன்ற வேறு சில மனச்சோர்வு மாத்திரைகளால் அரிதாகச் சிலருக்கு நீர் அடக்க முடியாமலும் போகலாம். அமிட்ரிப்டிலினால் மிக அரிதாகச் சிறுநீர் நீலப்பச்சையாக மாறுவதும் உண்டாம். எனக்கு அப்படி ஆகியிருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன்.

மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. மனநல மருத்துவர் படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார், இரண்டு வாரத்தில் சீரானது. பிறகுதான் சித்தியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்குத் தமக்கு எழுதித் தந்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துவந்து, பெயரைப் படிக்கச் சொன்னார். அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம்.