சர்க்கரை சேர்க்காத பன்றி விலா: மூன்று முறை கெடுத்து நான்காம் முறை தேறிய கதை

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.3, அதாவது நீரிழிவின் வாசல், என்று பரிசோதனை அறிக்கை வந்த அதே வாரத்தில், அலுவலக நண்பர்களுடன் ஒரு பார்பிக்யூ கடைக்குப் போய் அரை ரேக் (ஒரு பக்க விலா எலும்புகள் சேர்ந்த துண்டுதான் ரேக்) பன்றி விலாவைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியைக் குத்திப் பார்த்தபோது கருவி 214 காட்டியது. ரொட்டியையும் உருளைக்கிழங்கு வறுவலையும் தொடாமல் வெறும் இறைச்சியை மட்டும் தின்றவனுக்கு இந்த எண் எங்கிருந்து வந்தது என்று குழம்பி, வீட்டில் இருந்த சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் விவரம் புரிந்தது. அதில் முதலில் எழுதியிருந்த பொருளே ஹை ஃபிரக்டோஸ் கார்ன் சிரப் என்ற மக்காச்சோளச் சர்க்கரைப் பாகு. இரண்டு மேசைக்கரண்டிக்கு 16 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. ஒரு ரேக்கிற்குத் தாராளமாக அரைக் கோப்பை பூசினால் 64 கிராம்.

நான் குடியிருப்பது பார்பிக்யூவுக்குப் பெயர்போன அமெரிக்க நகரமான கான்சாஸ் சிட்டியின் புறநகர் ஒன்றில். தக்காளியும் மொலாசஸ் என்ற கருஞ்சர்க்கரைப் பாகும் சேர்ந்த கெட்டியான இனிப்புச் சாஸ்தான் இந்த ஊரின் அடையாளம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பார்பிக்யூ தொழிலுக்கு வித்திட்டவராகக் கொண்டாடப்படும் ஹென்றி பெர்ரியின் சாஸ் காரத்துக்குத்தான் பெயர் பெற்றது. நாடெங்கும் பரவிய கெட்டி இனிப்பு வகையை, ரிச் டேவிஸ் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் 1977இல்தான் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆகவே இனிப்பில்லாத விலா ஒன்றும் ஊருக்குச் செய்யும் துரோகம் அல்ல என்று என்னை நானே தேற்றிக்கொண்டு வேலையில் இறங்கினேன். எங்கள் அடுக்ககத்தில் பால்கனியில் கரி அடுப்பு மூட்டத் தடை இருப்பதால், எல்லாமே சமையலறை ஓவனில்தான்.

முதல் முயற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆட்டு நெஞ்செலும்பை நான்கு விசிலில் பதமாக்கிப் பழகிய கை, பன்றி விலாவையும் குக்கரில் போட்டது. இறைச்சி மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் சுவை முழுவதும் தண்ணீரில் இறங்கிவிட்டது. நல்ல சூப்பும் சக்கையும் கிடைத்தன.

இரண்டாம் முயற்சியில் நான் செய்த பிழைதான் என்னை அதிக நாள் அலைக்கழித்தது. பன்றி இறைச்சியின் உட்புற வெப்பம் 145 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 63 டிகிரி செல்சியஸை எட்டி, மூன்று நிமிடம் ஆறினால் உண்ணத் தகுந்தது என்று அமெரிக்க வேளாண்துறை கூறுகிறது. அந்த அட்டவணையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, 350 டிகிரி ஓவனில் விலாவை வைத்து, வெப்பமானி 145ஐத் தாண்டியதும் பெருமையோடு வெளியே எடுத்தேன். எலும்பைப் பற்றி இழுத்தால் இறைச்சி ரப்பரைப் போல் நீண்டு மீண்டது. சர்க்கரை இல்லாததால்தான் இப்படி விறைத்துப்போயிற்று என்று நானாக முடிவு கட்டி, அடுத்த இரண்டு வாரங்களை மாற்று இனிப்புகளைத் தேடுவதில் செலவழித்தேன். 145 என்பது நோய்க்கிருமிகளுக்கான கணக்கு, பல்லுக்கான கணக்கு அல்ல என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. விலாவைப் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற இணைப்புத் திசு 160 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் ஓரளவு வேகத்தில் இளகத் தொடங்குகிறது. அது ஜெலட்டினாகக் கரைந்து வாயில் வழுக்க வேண்டுமானால், இறைச்சி 195 முதல் 203 டிகிரி வரை, ஏறக்குறைய 90 முதல் 95 செல்சியஸ் வரை, மெதுவாக ஏற வேண்டும். சர்க்கரைக்கும் மென்மைக்கும் சம்பந்தமே இல்லை.

மாற்று இனிப்புகளிலும் அடி வாங்கினேன். "சர்க்கரை இல்லாதது" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு பொடியில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி கலந்திருந்தது. சட்டப்படி அது சர்க்கரை ஆகாது, ஆனால் இரத்தத்தில் குளுகோஸை ஏற்றுவதில் சர்க்கரைக்குச் சற்றும் சளைத்ததல்ல. முன்பக்க எழுத்தை நம்பாமல் பொருள் பட்டியலைப் படியுங்கள். எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு இரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்றாலும் பழுப்பேறாது, நாக்கில் பச்சைக் கற்பூரம் போல ஒரு குளுமையை விட்டுச்செல்லும், சாஸ் ஆறியதும் மணல் மணலாகத் திரண்டுவிடும். கடைசியில் கைகொடுத்தது அல்லுலோஸ் என்ற அரிய வகைச் சர்க்கரை; இது இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. இனிப்பில் சர்க்கரையில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு. சர்க்கரையைப் போலவே பளபளப்பும் பழுப்பும் தருகிறது. ஊட்டச்சத்துப் பட்டியலில் இதை மொத்தச் சர்க்கரைக் கணக்கிலும் சேர்த்த சர்க்கரைக் கணக்கிலும் காட்ட வேண்டியதில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் சொன்னது. விலைதான் சற்றுக் கடிக்கிறது.

மூன்றாம் முயற்சியில் வெப்பத்தைத் திருத்திக்கொண்டேன், இனிப்பையும் திருத்திக்கொண்டேன், உப்பில் விழுந்தேன். ஒரு ரேக்கிற்கு ஒரு மேசைக்கரண்டி உப்பைத் தேய்த்து இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் ஊறவைத்திருந்தேன். மறுநாள் முதல் கடியிலேயே மனைவி எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, "என்னங்க, இது கருவாடா?" என்று கேட்டார். குப்பைக் கூடையிலிருந்து உறையை எடுத்துப் பார்த்தால், "12 விழுக்காடு வரை கரைசல் சேர்க்கப்பட்டது" என்று எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. எடையும் ஈரப்பதமும் கூடுவதற்காகக் கடைக்கு வருமுன்பே இறைச்சிக்குள் உப்புநீரை ஏற்றிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட விலாவை வாங்கினால் மசாலாவில் உப்பே வேண்டாம். நான் இப்போது இறைச்சிப் பகுதியில் நின்று உறையைப் புரட்டிப் படித்த பிறகே கூடையில் போடுகிறேன். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விட்டால் விடட்டும்.

அதே மூன்றாம் முறையில் இன்னொரு சிறு வினையும் நேர்ந்தது. எலும்புப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சவ்வை உரிக்காமல் விட்டதால், மசாலா அந்தப் பக்கம் இறங்கவே இல்லை. சவ்வு பாலிதீன் தாளைப் போலப் பல்லில் சிக்கியது. ஓர் எலும்பின்மேல் மழுங்கிய கத்தியை நுழைத்துச் சவ்வைச் சற்றே நெம்பித் தூக்கி, வழுக்காமல் இருக்கக் காகிதத் துண்டால் பற்றி இழுத்தால் ஒரே இழுப்பில் உரிந்து வரும். வெறுங்கையால் இழுத்து நான் பத்து நிமிடம் வீணாக்கினேன்.

நான்காம் முறை பேபி பேக் எனப்படும், முதுகெலும்பை ஒட்டிய சிறிய விலாவை, கரைசல் ஏற்றாததாகப் பார்த்து வாங்கினேன். கடுகு விழுதை மெல்லப் பூசி, புகையூட்டிய பாப்ரிகா, மிளகு, பூண்டுத் தூள், கொஞ்சம் மிளகாய்த் தூள், அளவான உப்பு ஆகியவற்றைத் தூவினேன். பிறகு இரட்டை அலுமினியத் தாளில் காற்றுப் புகாமல் பொதிந்து, ஓவனை 275 டிகிரியில் வைத்தேன். பொதியாமல் வைத்தால் மேற்பரப்பு ஈரம் ஆவியாகி ஆவியாகி இறைச்சியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். 150, 160 டிகிரிப் பக்கம் வந்ததும் வெப்பமானி மணிக்கணக்கில் அசையாமல் நின்றுவிடும். பொதிந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டரை மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த நேரம் முடிந்தும் 181 டிகிரிதான். அன்று மாலையே கடைக்கு ஓடி, ஓவனுக்குள் தொங்கவிடும் எட்டு டாலர் வெப்பமானி ஒன்றை வாங்கி வந்து பார்த்தபோது, என் ஓவன் சொல்வதற்கும் செய்வதற்கும் 35 டிகிரி வித்தியாசம் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக வேகாத கேக்குக்கெல்லாம் என் மனைவியை நான் குறை சொல்லியிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். திருகியைக் கூட்டி வைத்து இன்னும் முக்கால் மணி நேரம் விட்டேன்.

வெந்துவிட்டதா என்று பார்க்கும் வழியை, கீழ்த்தளத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஓய்வுபெற்றபின் ஆண்டுக்கணக்கில் விலா புகைத்தவர். விலா மெல்லியதாக இருப்பதால் வெப்பமானியின் முனை எலும்பில் பட்டு எண் தவறாக வரக்கூடும். ஆகவே ரேக்கின் ஒரு முனையை இடுக்கியால் தூக்கிப் பார்க்க வேண்டும். அது தளர்ந்து வளைந்து, மேற்பரப்பில் கீறல் விடத் தொடங்கினால் பதம். எலும்பு நுனியிலிருந்து இறைச்சி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பின்வாங்கியிருப்பதும் நல்ல அறிகுறி. தொட்டவுடன் எலும்பிலிருந்து உதிர்ந்து விழுந்தால் அது வெற்றி என்று நான் நினைத்திருந்தேன். போட்டி நடுவர்கள் அதை அதிகம் வெந்துவிட்ட குற்றமாகவே கருதுவார்கள் என்றும், கடித்த இடத்தில் பல் தடம் நிற்க வேண்டும் என்றும் அவர் திருத்தினார்.

சாஸ் எளிது. மூன்று மேசைக்கரண்டி தக்காளி விழுது, கால் கோப்பை ஆப்பிள் சைடர் வினிகர், இரண்டு மேசைக்கரண்டி அல்லுலோஸ், கடுகு விழுது, பூண்டுத் தூள், அரைத் தேக்கரண்டி ஹிக்கரி புகைச் சாறு, தேவையான தண்ணீர். பத்து நிமிடம் கொதித்தால் போதும். அல்லுலோஸை விட்டுவிட்டால் மொத்தத்தில் மாவுச்சத்து ஏறத்தாழ 12 கிராம், அதையும் நான்கு பேர் பகிர்ந்துகொள்கிறோம். புகைச் சாற்றில் கை தவறினால் சாம்பலை நக்குவது போலிருக்கும்.

அல்லுலோஸ் சர்க்கரையைவிட விரைவாகக் கருகும் என்பதால், தாளைப் பிரித்தபின் கடைசியில்தான் பூசினேன். அப்போதும் ஒன்றை மறந்துவிட்டேன். தட்டில் தேங்கியிருந்த கொழுப்பை வடிக்காமல் ஓவனின் மேல்தணலை முழு வேகத்தில் வைத்ததும், அது பொறிந்து புகைந்து, வீட்டின் மூன்று புகை அலாரங்களும் ஒன்றாக அலறின. ஒரு கையில் துண்டை விசிறிக்கொண்டு, மறு கையில் கதவைத் திறந்துகொண்டு, விலாவைக் கருகாமல் காப்பாற்றிய அந்த நான்கு நிமிடங்கள் மற்ற மூன்று மணி நேரத்தைவிட நீண்டவை. கொழுப்பை வடித்துவிட்டுப் புதுத் தாள் விரித்த பிறகே மேல்தணலை மூட்டுங்கள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என் கருவி 121 காட்டியது. சந்தேகப்பட்டு இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தேன், 118.

நான்கு எலும்புகளைத் தட்டில் வைத்துக் கீழ்த்தளத்துப் பெரியவருக்குக் கொடுத்தேன். ஓவனில் செய்தது என்று தெரிந்திருந்ததால் புருவத்தை உயர்த்தியபடியேதான் முதல் எலும்பை எடுத்தார். இரண்டாவதையும் எதுவும் சொல்லாமல் தின்றார். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது, சாஸில் எவ்வளவு பிரவுன் ஷுகர் போட்டாய் என்று கேட்டார். அதை அவர் தின்று முடிக்கும்வரை நான் பதில் சொல்லவில்லை.